முகத்துக்கும் மூக்குத்திக்கும் ஒரே லென்ஸ்

தொழில் பாடம்: கேமரா லென்ஸுக்குக் கடன் கேட்கும் முன்



தையல் மெஷின், ஆரி வேலை, ஆடு, கறவை மாடு, பெட்டிக்கடை என்று எத்தனையோ தொழிலுக்கு நம் குழுக்களில் உள்கடன் கொடுத்துப் பழகிவிட்டோம். இப்போது சில குழுக்களில் புதுசாக ஒரு விண்ணப்பம் வருகிறது. "கேமராவுக்கு லென்ஸ் வாங்கணும், கடன் வேணும்." இதைக் கேட்டதும் ஊக்குநரும் பிரதிநிதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆட்டுக்கடன் என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரியும். மாட்டுக்கடன் என்றால் மடியைப் பார்க்கத் தெரியும். லென்ஸில் எதைப் பார்ப்பது?

அதைச் சொல்வதுதான் இந்த மாதப் பாடம். கடன் கேட்கிறவருக்கும் பயன்படும், கடன் கொடுக்கிற குழுவுக்கும் பயன்படும். கையில் ஒரு சாதாரண ஸ்கேலும் ஒரு இஞ்ச் டேப்பும் இருந்தால் போதும்.

நம் ஊரில் இதற்கு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. லப்பைக்குடிக்காட்டில் எத்தனை வீட்டில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும், மகள் பட்டம் வாங்கினாலும், அங்கே இருக்கிற அத்தாவுக்கு நல்ல படமாக ஒன்று அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டில் பெண்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு பெண்ணே வந்து படம் எடுத்தால் நல்லது என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடிப் பக்கமும் இதே நிலைதான். இதெல்லாம் முகப்படம். கடைக்காரர்கள் போர்ட்ரெய்ட் என்பார்கள்.

இன்னொரு பக்கம் ஆரி வேலை செய்கிற சகோதரிகள், ஜிமிக்கி, வளையல் செய்கிறவர்கள், மெஹந்தி போடுகிறவர்கள். இவர்கள் செல்போனில்தான் வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள். நூலும் மணியும் தெளிவாகத் தெரியாத படத்தைப் பார்த்து யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். இது கிட்டே போய் எடுக்கிற படம். மேக்ரோ என்பார்கள். நாம் நெருக்கப்படம் என்று வைத்துக்கொள்வோம்.

முகப்படமும் நெருக்கப்படமும் ஒரே ஆள் எடுத்தால்தான் நம் அளவு ஊரில் மாதம் முழுக்க வேலை ஓடும். முகூர்த்த மாதத்தில் முகப்படம், மற்ற மாதத்தில் பொருள் படம். அதனால்தான் கேள்வி வருகிறது: இரண்டுக்கும் உதவுகிற மாதிரி, நம் கைக்கு எட்டுகிற விலையில், ஒரு லென்ஸ் கிடைக்குமா?

நம்மால் முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு

1984ம் ஆண்டு அகமதாபாத்தில் சேவா பெண்கள் சங்கத்தில், காய்கறி விற்கிற பெண்களும் கூலி வேலை செய்கிற பெண்களும் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். வீடியோ சேவா என்று அதற்குப் பெயர்.

அதற்கும் முன்னால் ஹோமாய் வியாரவாலா என்று ஒரு அம்மா. 1913ல் குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு, தலைவர்களையெல்லாம் படம் எடுத்தார். 2011ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2012ல் காலமானார். அவர் வைத்திருந்த கேமராக்களில் ஒன்று ரோலிஃபிளெக்ஸ். அதில் லென்ஸைக் கழற்றி மாற்றவே முடியாது. அதில் என்ன லென்ஸ் உண்டோ அதுதான். அதை வைத்துக்கொண்டு முன்னே பின்னே நடந்துதான் படம் எடுக்க வேண்டும். அலமாரி நிறைய லென்ஸ் இருந்தால்தான் தொழில் என்று யாராவது சொன்னால் இந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸில் எழுதியிருப்பதைப் படிப்போம்

லென்ஸை வாங்கிப் பார்த்தால் சில எண்கள் இருக்கும். நமக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

1. மி.மீ. எண். 18, 50, 90 என்று இருக்கும். எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். காட்சியின் அகலம் குறையும். 18-55 என்று இரண்டு எண் இருந்தால் அது திருகித் திருகி மாற்றுகிற ஜூம் லென்ஸ். கேமரா வாங்கும்போது கூடவே வருவது பெரும்பாலும் அதுதான்.

2. எஃப் எண். 1.8, 2.8, 5.6 என்று இருக்கும். இது ஜன்னல் கதவு மாதிரி. எண் சிறியதானால் ஜன்னல் பெரிதாகத் திறக்கிறது, வெளிச்சம் அதிகம் வருகிறது. கேமராவோடு வரும் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். டியூப்லைட் மட்டும் இருக்கிற பெண்கள் அறையில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். முகம் தெளிவாகி, பின்னால் இருக்கிற கொடிக்கயிறும் துணி மூட்டையும் மங்கிப் போவதும் இதனால்தான்.

3. எவ்வளவு கிட்டே போகலாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. நெருக்கப்படத்துக்கு இதுதான் உயிர். கடையில் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஸ்கேல் சோதனை

இப்போது ஸ்கேலை எடுங்கள். மேசையில் வையுங்கள். லென்ஸ் ஃபோகஸ் ஆகும் வரை எவ்வளவு கிட்டே போக முடியுமோ போய், ஸ்கேலைப் படுக்கை வாக்கில் ஒரு படம் எடுங்கள். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் லென்ஸ் அதிகம் பெரிதாக்குகிறது என்று அர்த்தம்.

கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்ற சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் கணக்கு தோராயமாக இப்படி வரும்:

கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், 55ல் வைத்து: 6 முதல் 7 செ.மீ.
கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்: 10 முதல் 11 செ.மீ.
நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி: 15 முதல் 16 செ.மீ.
ஒன்றுக்கு ஒன்று மேக்ரோ லென்ஸ்: 2 முதல் 2.5 செ.மீ.

முதல் இரண்டு வரியைத் திரும்பப் படியுங்கள். பணம் கொடுத்து வாங்குகிற 50 லென்ஸைவிட, சும்மா கூட வந்த 18-55 லென்ஸ்தான் அதிகம் பெரிதாக்குகிறது! "50 வாங்கினா எல்லாம் எடுக்கலாம்" என்று கேட்டு வாங்கி, ஜிமிக்கி படம் எடுக்கப் போய் முழிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள்.

அடுத்து, உங்கள் பொருளை அளந்து பாருங்கள். ரவிக்கைக் கையில் போட்ட ஆரிப் பூ 5 செ.மீ. இருக்கலாம். ஜிமிக்கி 2 அல்லது 3 செ.மீ. மூக்குத்தி அரை செ.மீ. ஆரிப் பூவுக்கு 18-55 லென்ஸே போதும். ஜிமிக்கிக்கு 4 செ.மீ. அகலம் படத்தில் நிறைகிற மாதிரி எடுக்க முடிந்தால் நல்லது. மூக்குத்தியைப் படம் நிறைய எடுக்க வேண்டுமானால்தான் ஒன்றுக்கு ஒன்று மேக்ரோ தேவைப்படும்.

ஒன்றுக்கு ஒன்று என்றால் என்ன? ஒரு செ.மீ. பொருள், கேமராவுக்குள்ளே படம் விழுகிற சின்னத் தகட்டிலும் ஒரு செ.மீ. அளவுக்கே விழுகிறது என்று அர்த்தம். அந்தத் தகட்டின் அகலமே சுமார் இரண்டேகால் செ.மீ.தான். அதனால் அவ்வளவுதான் படத்தில் அடங்கும். முழு ஜிமிக்கி எடுக்க மேக்ரோ லென்ஸோடு நீங்கள் பின்னால்தான் வர வேண்டியிருக்கும்!

வயல் வேலைக்கு ஒரு வார்த்தை

நம் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம். 2018ல் அமெரிக்கன் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்து, மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது மறந்திருக்காது. அந்தப் புழுவை மற்ற புழுவிலிருந்து பிரித்துப் பார்க்க இரண்டு அடையாளம். தலையில் தலைகீழாகப் போட்ட ஒய் எழுத்து மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இதைத் தெளிவாகப் படம் எடுத்து வேளாண் உதவி அலுவலருக்கோ, வாலிகண்டபுரம் ரோவர் வேளாண் அறிவியல் மையத்துக்கோ காட்டினால் சரியான மருந்தை, சரியான நேரத்தில் அடிக்கலாம். இல்லாவிட்டால் கடைக்காரர் கொடுக்கிற மருந்தையெல்லாம் அடித்துக் காசும் போகும், உடம்பும் கெடும்.

ஆனால் இதற்காக லென்ஸ் வாங்காதீர்கள். வளர்ந்த புழு 3 முதல் 4 செ.மீ. நீளம் இருக்கும். செல்போனே போதும். புழுவை ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, நிழலான வெளிச்சத்தில், போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். சம்பாதித்துக் கொடுக்காத வேலைக்குக் கடன் வேண்டாம்.

இனி இஞ்ச் டேப்

நெருக்கப்படத்துக்கு ஸ்கேல் என்றால் முகப்படத்துக்கு இஞ்ச் டேப். படம் எடுக்கப்போகிற அறையின் நீளத்தை அளந்து பாருங்கள். நம் வீடுகளில் அறை பத்து அடிக்குப் பத்து அடி இருந்தால் பெரிது. அதில் பீரோ, கட்டில் போக நாம் நிற்க எவ்வளவு இடம்?

சாதாரண டிஎஸ்எல்ஆரில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பாருங்கள்.

தலையும் தோளும் மட்டும்: 50 மி.மீ. என்றால் மூன்றரை அடி. 90 மி.மீ. என்றால் 6 அடி.
இடுப்பு வரை: 50 என்றால் ஐந்தரை அடி. 90 என்றால் ஒன்பது, பத்து அடி.
நிற்கிற ஆள் தலையிலிருந்து கால் வரை: 50 என்றால் 14 அடி. 90 என்றால் 24 அடிக்கு மேல்.

90, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் முகத்துக்கும் அருமையாக இருக்கும், மூக்குத்திக்கும் அருமையாக இருக்கும். அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் மணப்பெண்ணின் பட்டுச்சேலை முழுசாகத் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டுமானால் நீங்கள் வாசலைத் தாண்டித் தெருவில் போய் நிற்க வேண்டும். 50 என்றால் கூடத்தில் நின்று சமாளிக்கலாம். அதுவும் முடியாத இடத்தில் 18-55 லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம். அதை விற்றுவிடாதீர்கள்.

அறைக்குள் இடம் இல்லை என்று அகலமான லென்ஸை வைத்து ஒரு அடி தூரத்தில் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியும். செல்போனில் கிட்டே வைத்து எடுத்த படத்தில் பார்த்திருப்பீர்கள். குறை முகத்தில் இல்லை, தூரத்தில். மூன்றரை அடிக்குக் குறையாமல் தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி: எதுவும் வாங்காமல் தொடங்குவது. 18-55 கையில் இருந்தால் ஆரி வேலை, மெஹந்தி, பகல் வெளிச்சத்தில் முகப்படம் எல்லாம் இதிலேயே எடுக்கலாம். முதல் பத்து வேலையை இதில் செய்யுங்கள். உங்களுக்கு எந்த வேலை அதிகம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது வழி: 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், கூட எக்ஸ்டென்ஷன் டியூப். டியூப் என்பது உள்ளே கண்ணாடியே இல்லாத வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். லென்ஸ் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போவதால் இன்னும் கிட்டே போக முடிகிறது. 12 மி.மீ. வளையம் மாட்டினால் 5 முதல் 9 செ.மீ. வரை அகலமான காட்சி படத்தில் நிறையும். 20 மி.மீ. வளையம் மாட்டினால் மூன்றரை முதல் ஐந்தரை செ.மீ. வரை. ஆக ஆரிப் பூவும் ஜிமிக்கியும் இதில் அடங்கிவிடும். வளையத்தைக் கழற்றினால் அதே லென்ஸ் முகப்படத்துக்கு. வளையம் மாட்டியிருக்கும்போது தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. அதைக் கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது வழி: ஒன்றுக்கு ஒன்று மேக்ரோ லென்ஸ். நகைக்கடைக்குப் படம் எடுத்துக் கொடுக்க மாதா மாதம் உறுதியான வேலை இருந்தால் இது சரி. கேனனில் இஎஃப்-எஸ் 60 மி.மீ., நிக்கானில் 40 மி.மீ. மைக்ரோ, டாம்ரானில் 90 மி.மீ. என்று வந்தவை உண்டு. பழசாகவும் கிடைக்கும். சின்ன அறையில் முகப்படமும் எடுக்க வேண்டும் என்றால் 90ஐவிட 60 வசதி. இவையெல்லாம் எஃப் 2.8தான். இருட்டு அறையில் 1.8 அளவுக்கு வெளிச்சம் கிடைக்காது.

நம் ஊரில், முகப்படம் பாதிக்கு மேலும் நெருக்கப்படம் பாதிக்குக் கீழும் எடுக்கிறவர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது. மேக்ரோ லென்ஸ் அந்த வருமானத்தில் பிறகு வரட்டும்.

கேமராவுக்குப் பொருந்துமா?

மருமகளுக்கு எடுத்த ரவிக்கை மாமியாருக்குச் சேராது. லென்ஸும் அப்படித்தான். கவனிக்க வேண்டியவை:

கேனன் லென்ஸ் நிக்கானில் மாட்டாது. நிக்கான் லென்ஸ் கேனனில் மாட்டாது.

நிக்கான் டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸில் மோட்டார் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் மோட்டார் உண்டு. வெறும் ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி என்றால் கையால்தான் திருக வேண்டும். விலை குறைவு என்று பழைய லென்ஸ் வாங்கி மாட்டிக்கொள்வது இதில்தான்.

கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்குத் தனி லென்ஸ். பழைய லென்ஸைப் போட அடாப்டர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டியூப் வாங்கும்போது உள்ளே பித்தளைப் புள்ளிகள் இருக்கிறதா பாருங்கள். அந்தப் புள்ளி வழியாகத்தான் கேமரா லென்ஸோடு பேசுகிறது. புள்ளி இல்லாத டியூப் மிக மலிவாகக் கிடைக்கும். ஆனால் கேனனில் அதை மாட்டினால் எஃப் எண்ணை மாற்ற முடியாது, ஆட்டோ ஃபோகஸும் கிடையாது.

பழைய லென்ஸ் வாங்கினால்

உங்கள் கேமராவையும் உங்கள் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். துணைக்குக் குழுவில் இன்னொருவரும் போகட்டும்.

• லென்ஸ் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம்.
• உள்ளே இருக்கிற சின்னத் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது.
• சுவரில் செய்தித்தாள் ஒட்டி எஃப் 1.8லும் எஃப் 8லும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப் 8லும் நடுவில் எழுத்து மங்கினால் விட்டுவிடுங்கள்.
• கிட்டே, தூரம் என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். கரகரவென்று சத்தம் வந்து திணறினால் வேண்டாம்.
• பில் கேளுங்கள். எத்தனை நாளில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பெரம்பலூரிலும் திருச்சியிலும் ஒரு கடைக்கு மூன்று கடை விசாரித்து வாருங்கள். விலைப்பட்டியலைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள்.

கடன் கணக்கு

விலை ஏறும், இறங்கும். கணக்குப் புரிவதற்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். 50 லென்ஸும் டியூபும் சேர்ந்து ரூ.12,000. மேக்ரோ லென்ஸ் ரூ.30,000. உள்கடன் வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், பத்து தவணை, குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி.

ரூ.12,000 கடனுக்கு முதல் தவணை: அசல் 1,200, வட்டி 120, மொத்தம் ரூ.1,320. பத்து மாதத்தில் மொத்த வட்டி ரூ.660.

ரூ.30,000 கடனுக்கு முதல் தவணை: அசல் 3,000, வட்டி 300, மொத்தம் ரூ.3,300. பத்து மாதத்தில் மொத்த வட்டி ரூ.1,650.

பஸ், பிரிண்ட் செலவு போக ஒரு வேலைக்கு ரூ.300 நிற்கிறது என்றால், முதல் கடனுக்கு மாதம் 5 வேலை வேண்டும். இரண்டாவது கடனுக்கு மாதம் 11 வேலை வேண்டும். வட்டி வித்தியாசம் பெரிதில்லை. வேலை வித்தியாசம்தான் பெரிது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் 11 வேலை எங்கிருந்து வரும்? தவணை தவறினால் லென்ஸும் விற்பனைக்கு வரும், குழுவில் பேச்சும் வரும்.

வாங்கின பிறகு

நெருக்கப்படத்துக்கு எஃப் 1.8 வைக்காதீர்கள். டியூப் போட்டுப் பாதி அளவுக்குப் பெரிதாக்கினால், எஃப் 1.8ல் தெளிவாகத் தெரிகிற ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு மணி தெளிவாக இருக்கும், பக்கத்து மணி மங்கிவிடும். எஃப் 8ல் வைத்தாலும் 2 மி.மீ.க்குள்தான். அதனால் பொருளைத் தட்டையாகப் பரப்பி, கேமராவை நேர் மேலே வைத்து எடுங்கள்.

எஃப் 8ல் வெளிச்சம் குறையும். ஆகவே ஜன்னல் ஓரம், வெயில் நேராக அடிக்காத இடம், வெள்ளை வேட்டி திரையாக. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. கேமரா ஸ்டாண்டில். ஸ்டாண்டு இல்லையென்றால் அரிசி மூட்டை மேல் வைத்து டைமரில் எடுக்கலாம்.

முகத்துக்கு எஃப் 2.8 வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு பேர் என்றால் எஃப் 4. ஒரு குடும்பமே என்றால் எஃப் 5.6க்கு மேல். இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற பேத்தி தெளிவாகவும் பின்னால் இருக்கிற பாட்டி மங்கலாகவும் வருவார். பாட்டிதான் காசு கொடுப்பவர்!

ஆற்றங்கரை ஊர். மழைக்காலத்தில் ஈரம் அதிகம். லென்ஸைத் துணி பீரோவில் வைக்காமல், இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூஞ்சை பிடிக்காது.

இதையெல்லாம் ஆள் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் நடத்துகிற இலவசப் பயிற்சிகளில் புகைப்படம், வீடியோ பயிற்சியும் உண்டு. அடுத்த அணி எப்போது என்று கூட்டமைப்பு மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸைவிடப் பெரிய முதலீடு

நம் ஊரில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கேமரா முன்னால் முக்காட்டை விலக்கி உட்காருகிறார் என்றால், அது நம்பிக்கை. "அக்கா எடுக்கிறாங்க, வெளிய போகாது" என்கிற நம்பிக்கை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். லென்ஸ் திருச்சிக் கடையில் கிடைக்கும், இது கிடைக்காது.

அதனால் சில விதிகளை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். படத்தைக் கொடுத்து, அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னதும் கார்டிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிடுவீர்களா, வைத்திருப்பீர்களா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கேட்காமல் யார் முகத்தையும் விளம்பரத்துக்கோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கோ போடாதீர்கள். கணவர், தம்பி, பிரிண்ட் போடுகிற கடைக்காரர் யார் கண்ணில் படம் படும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கார்டை இரவல் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு படம் தவறான போனுக்குப் போனால் தொழில் அன்றோடு முடிந்தது. பாதிக்கப்படுவது நம்மை நம்பி வந்த இன்னொரு குழு உறுப்பினராகக்கூட இருக்கலாம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

லென்ஸுக்குக் கடன் விண்ணப்பம் வந்தால் தீர்மானம் எழுதும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவதற்காக இல்லை, அவர் தொழில் நிற்பதற்காக.

1. ஸ்கேல் சோதனை செய்து பார்த்தீர்களா? இப்போதைய லென்ஸில் எத்தனை செ.மீ. வந்தது? உங்கள் பொருள் எத்தனை செ.மீ.?
2. படம் எடுக்கப்போகிற அறை எத்தனை அடி?
3. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முகப்படம், எத்தனை நெருக்கப்படம் எடுத்தீர்கள்? எவ்வளவு வந்தது?
4. கேட்கிற லென்ஸ் உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்ததா? ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்ததா?
5. மூன்று கடை விலை எங்கே?
6. வேலை குறைந்த மாதத்தில் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்?
7. எடுத்த படங்களை எப்படிப் பாதுகாப்பீர்கள்?

ஏழு கேள்விக்கும் பதில் இருந்தால் தயங்காமல் கடன் கொடுக்கலாம். நான்காவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி, கேமராவோடு கடைக்கு அனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தாங்கள் செய்த பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். யாரிடம் கேமரா இருக்கிறதோ அவர் கேமராவையும், எல்லோரும் போனையும் கொண்டு வாருங்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம். எந்தப் படத்தைப் பார்த்தால் நாமே காசு கொடுத்து வாங்குவோம் என்று நாமே சொல்லிவிடலாம்.